பள்ளி முடிந்ததும் எங்கே? அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஐந்து வேலைப் பாதைகள்: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரின் சிறப்புக் கல்விப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் 13 வயதிலேயே தனிப்பட்ட நிலைமாற்றத் திட்டம், அதாவது பள்ளிக்குப் பிந்திய வாழ்க்கைக்கான திட்டம், தொடங்கிவிடுகிறது. வீட்டில் அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்ப்பது என்னவோ பிள்ளைக்கு 16, 17 ஆனபின்தான். அப்போது நேரம் நெருக்குகிறது. 18 வயதில் பள்ளி முடிகிறது. தொழிற்சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தவர்கள் மட்டும் 21 வரை இருக்கலாம். பெற்றோர் கேட்பது எல்லாமே ஏறக்குறைய ஒரே கேள்விதான்: சான்றிதழுக்கு அனுப்புவதா, வேலையிடப் பயிற்சிக்கா, நேரடியாக வேலைக்கா, பாதுகாக்கப்பட்ட பணிமனைக்கா, இல்லை, தேக்காவில் மாமாவின் கடையே போதுமா?

இந்த ஒப்பீடு லேசான, நடுத்தர அறிவுசார் குறைபாடுள்ள 16 முதல் 18 வயதினரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நாள் முழுதும் ஒருவர் கூடவே இருந்து பராமரிக்க வேண்டிய பிள்ளைகளுக்குப் பகல்நேர நடவடிக்கை நிலையங்கள் உண்டு. அது வேறு தேர்வு, இங்கே சேர்க்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலை கிடைப்பது அவ்வளவு பெரிய சிக்கல் அல்ல. ஏழாவது மாதத்தில் அந்த வேலை கையில் இருக்கிறதா என்பதுதான் சிக்கல். ஆகவே எந்தப் பாதையை யார் புகழ்ந்தாலும், ஏழாவது மாதம் பிள்ளையின் பக்கத்தில் யார் இருப்பார் என்று கேளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

தூண்டல் எண்ணிக்கை. பள்ளியில் 'பிராம்ப்ட்' என்பார்கள். ஒரு படியைச் செய்ய பிள்ளைக்கு வெளியிலிருந்து எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதே இது. வீட்டிலேயே அளந்துவிடலாம். பிள்ளைக்குப் பழக்கமான ஒரு வேலையை எடுங்கள். 20 துண்டுகளை மடித்து அலமாரியில் அடுக்குவது என்று வைத்துக்கொள்வோம். அதைப் 10 படிகளாகப் பிரித்து எழுதுங்கள்: கூடையை எடுப்பது, ஒன்றை மேசையில் விரிப்பது, நீளவாக்கில் மடிப்பது, ஓரத்தைச் சரிபார்ப்பது என்று. ஒவ்வொரு படியிலும் 5 விநாடி வாயைத் திறக்காமல் காத்திருங்கள். தானாகச் செய்தால் 'தா', சைகை காட்டிச் செய்தால் 'சை', சொல்லிச் செய்தால் 'சொ', கையைப் பிடித்துச் செய்தால் 'கை' என்று குறியுங்கள். மூன்று நாள் காலையிலும் மூன்று நாள் மாலையிலும் செய்து பாருங்கள்.

அந்த 5 விநாடிதான் பெற்றோருக்கு ஆகக் கடினமான பகுதி. நம் வீடுகளில் அம்மா, பாட்டி, அக்கா மூவரும் ஒரே நேரத்தில் "எடு, எடு, அதை எடுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். தூண்டல்களிலேயே விலக்கிக்கொள்ளக் கடினமானது வாய்ச்சொல்தான். படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு ஆள் நகர்ந்துவிடலாம். குரலை ஒட்டிவிட்டு நகர முடியாது. வேலையிடத்தில் அந்தக் குரல் இல்லையென்றால் பிள்ளை அப்படியே நின்றுவிடும். மேலாளர் அதைச் சோம்பல் என்று படித்துக்கொள்வார்.

தாக்குப்பிடிக்கும் நேரம். நின்றபடி எத்தனை மணி நேரம்? முதல் மணியின் வேகத்தைப் பார்க்காதீர்கள், மூன்றாவது மணியைப் பாருங்கள். உணவகப் பணிநேரம் பொதுவாக 4, 6 அல்லது 8 மணி. 4 மணி தாங்காத பிள்ளைக்கு 8 மணி வேலை வாங்கித் தருவது உதவி ஆகாது.

பயணம். ஒரே பேருந்து அல்லது ஒரே மாற்றம் உள்ள எம்ஆர்டி ரயில் வழி என்றால் பழக்கிவிடலாம். வரிசை இது: முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போவது, அடுத்து நான்கு இருக்கை தள்ளி, அடுத்த பெட்டியில், அடுத்துப் போய்ச் சேரும் நிலையத்தில் காத்திருப்பது, கடைசியாகத் தொலைபேசி மட்டும். பெரும்பாலோருக்கு 10 முதல் 20 தடவை பிடிக்கும். ரயில் நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் தனிப் பாடமாகப் பழக்க வேண்டும். சீருடை அணிந்த நிலைய ஊழியரைத் தேடு, அட்டையைக் காட்டு, அந்த இடத்தை விட்டு நகராதே. இந்த மூன்றும் போதும்.

இடைவேளை. இதை யாரும் அளப்பதில்லை. வேலைகள் பறிபோவது பெரும்பாலும் வேலை செய்யும்போது அல்ல, சாப்பாட்டு இடைவேளையில்தான். கைபேசியை மூடி வைக்க முடியாதது, வாடிக்கையாளரைக் கட்டிப்பிடிப்பது, ஒரே கதையைச் சக ஊழியரிடம் 10 தடவை சொல்வது, 30 நிமிடம் முடிந்தது தெரியாமல் உட்கார்ந்திருப்பது. அதிரும் கைக்கடிகாரம் ஒன்று இதில் பாதியைத் தீர்த்துவிடும்.

பணம். ஒப்பந்தத்தில் உள்ள தொகையை அல்ல, கைக்கு வருவதையும், சம்பளத்தில் பிடித்துச் சேமிக்கும் மத்திய சேமநிதிக்குப் போவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திரும்பும் வழி. தோற்றால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியுமா? பள்ளியை விட்டு வெளியேறியபின் பள்ளிக்குத் திரும்புவது பெரும்பாலும் இயலாது. ஆகவே கதவு மூடும் பாதை எது, திறந்திருக்கும் பாதை எது என்று தெரிந்து வைத்திருங்கள்.

## பாதை 1: 21 வரை தொழிற்சான்றிதழ்

ஏபிஎஸ்என் டெல்டா சீனியர் பள்ளி, மெட்டா பள்ளி போன்ற இடங்களில் லேசான குறைபாடுள்ள மாணவர்கள் டபிள்யூஎஸ்கியூ (தேசிய வேலைத்திறன் தகுதி) அல்லது ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) திறன் சான்றிதழ் பெறலாம். உணவு பானச் சேவை, பேக்கரி, விடுதி அறைப் பராமரிப்பு, தோட்டக்கலை, சில்லறை விற்பனை ஆகியவை வழக்கமான துறைகள். எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடாது. பள்ளி மதிப்பிட்டுத்தான் சேர்க்கும்.

இதன் உண்மையான லாபம் சான்றிதழ் அல்ல, காலம். 17 வயதுப் பிள்ளைக்கும் 20 வயதுப் பிள்ளைக்கும் பொறுமையில், உடல்பலத்தில், கோபத்தை அடக்குவதில் பெரிய வித்தியாசம் இருக்கும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் அந்த முதிர்ச்சி தாமதமாக வருவது உண்டு, ஆனால் வருகிறது. இந்த மூன்று நான்கு ஆண்டுகள் ஆசிரியரும் சமூக ஊழியரும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள்.

மறைந்திருக்கும் விலை இரண்டு. முதலாவது, கற்றது இடம் மாறினால் கூடவே வராமல் போவது. பள்ளிச் சமையலறையில் அடுப்பின் நேரக்குமிழ் இடப்பக்கம், ஹோட்டலில் வலப்பக்கம். மற்றவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அது புதிய வேலை. பயிற்சிச் சிற்றுண்டிச்சாலையில் 90 விழுக்காடு தானாகச் செய்தவர் வெளியே முதல் வாரம் 50க்கு இறங்கினால் அதிர்ச்சி அடைய வேண்டாம், அது எதிர்பார்க்க வேண்டிய சரிவு. இரண்டாவது, அந்த ஆண்டுகளுக்குச் சம்பளமும் இல்லை, மத்திய சேமநிதியும் இல்லை.

பள்ளித் திறந்த நாளில் கேட்க வேண்டிய கேள்விகள்: போன தொகுதியில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதல்ல, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதே வேலையில் இருந்தார்கள்? வாரத்தில் எத்தனை மணி நேரம் பள்ளிக்கு வெளியே உண்மையான வேலையிடத்தில் பயிற்சி? இரண்டுக்கும் எண்ணில் பதில் வராவிட்டால், பிரசுரத்தில் உள்ள படங்களை நம்பாதீர்கள்.

ஒரு துறையில் உண்மையான ஆசையும், எளிய வாக்கியத்தைப் படிக்கும் திறனும் இருந்து, இன்னும் பிள்ளைத்தனம் போகாத 17 வயதினருக்கு இதைவிட நல்ல பாதை இல்லை. "நாலு பேர் கேட்டால் சர்டிஃபிகேட் இருக்கிறது என்று சொல்லலாமே" என்பதற்காக என்றால் வேண்டாம். வேலை கொடுப்பவர் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "காலை 7 மணிக்கு வருவாரா?" என்றுதான் கேட்பார்.

## பாதை 2: வேலையிடத்திலேயே பயிற்சி

'ஸ்கூல்-டு-ஒர்க்' நிலைமாற்றத் திட்டத்தைக் கல்வி அமைச்சு, சமுதாய குடும்ப மேம்பாட்டு அமைச்சு, உடற்குறையுள்ளோருக்கு (அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இதில் அடக்கம்) உதவும் அமைப்பான எஸ்ஜி எனேபிள் மூன்றும் சேர்ந்து 2014ல் தொடங்கின. பள்ளியின் இறுதியாண்டில் மாணவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலைப் பயிற்றுநர் ஒருவர், அதாவது ஜாப் கோச், கூட வருகிறார். பள்ளி முடிந்தபின்னும் ஓராண்டு வரை ஆதரவு தொடரலாம்.

முதலில் பயிற்சி, பிறகு வேலை என்பது பழைய வரிசை. முதலில் வேலையிடம், பயிற்சி அங்கேயே என்பது இந்தப் பாதையின் வரிசை. அமெரிக்காவின் சின்சினாட்டி சிறுவர் மருத்துவமனையில் 1996ல் தொடங்கிய 'புராஜெக்ட் சர்ச்' திட்டமும் இதே எண்ணத்தில் பிறந்தது: ஒரே ஆண்டில் மூன்று பிரிவுகளில் மாறிமாறி உண்மையான வேலை. அதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது சுழற்சியை. குறைந்தது இரண்டு வேறுபட்ட இடங்களில் முயன்று பார்க்கக் கேளுங்கள். சத்தமான சமையலறையில் தோற்ற பிள்ளை, அமைதியான துணிக்கிடங்கில் நன்றாகச் செய்யக்கூடும்.

நல்ல பயிற்றுநர் என்ன செய்வார்? முதலில் வேலையைச் செதுக்குவார். பரிசாரகர் வேலை முழுவதையும் பிள்ளையால் செய்ய முடியாவிட்டாலும், கரண்டியும் முள்கரண்டியும் நாப்கினில் சுருட்டும் வேலையை மட்டும் பிரித்து எடுக்கலாம். ஒரு பெரிய தாளில் நாப்கின், கரண்டி, முள்கரண்டி மூன்றின் உருவத்தையும் வரைந்து பிளாஸ்டிக் உறை போட்டு மேசையில் வைப்பார். பிள்ளை உருவத்தின் மேல் பொருளை வைத்தால் சரியாக இருக்கும். எண்ணத் தெரியாதா? 10 குழி உள்ள தட்டு. தட்டு நிறைந்தால் 10, ஐந்து தட்டு நிறைந்தால் இடைவேளை. முதல் நாள் மணிக்கு 20 சுருட்டுவது, ஆறு வாரத்தில் 50, 60 ஆவது இப்படித்தான். வேகத்தைப் பற்றி முதல் இரண்டு வாரம் பேசக்கூடாது. தவறாகப் பழகிய வேகத்தைத் திருத்துவது இரட்டை வேலை.

அடுத்து, விலகுவார். நியாயமான ஒரு கால அட்டவணை: முதல் இரண்டு வாரம் முழுநேரமும் பக்கத்தில், அடுத்த இரண்டு வாரம் பாதி நேரம், ஐந்தாவது முதல் எட்டாவது வாரம் வரை வாரம் இரு தடவை, பிறகு வாரம் ஒரு தடவையும் தொலைபேசியும். பிழைப்பது, சறுக்குவது இரண்டும் இங்கேதான் முடிவாகிறது. பயிற்றுநர் ஒட்டிக்கொண்டே இருந்தால், பிள்ளை வேலையைக் கற்பதில்லை; பயிற்றுநரைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. திடீரென்று விலகினால் இரண்டே நாளில் சரிந்துவிடும்.

எந்தப் பயிற்றுநராலும் தடுக்க முடியாதது மேலாளர் மாற்றம். உணவகங்களிலும் சில்லறைக் கடைகளிலும் கிளை மேலாளர்கள் அடிக்கடி மாறுவார்கள். பிள்ளையைப் புரிந்துகொண்டிருந்த ஒரே ஆள் வேறு கிளைக்குப் போனதும், புதியவர், "இவர் ஏன் காசுப்பெட்டியில் நிற்பதில்லை?" என்று கேட்பார். ஆகவே ஒருவரை நம்பக்கூடாது. சக ஊழியர் இருவரைப் பழக்கி வைக்க வேண்டும்; கூடவே ஒரு பக்கத் தாள்: இவருக்கு எப்படிச் சொன்னால் புரியும், எது வேண்டாம், பதறினால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. அந்தத் தாளின் பிரதி மேலாளரின் மேசையிலும் இருக்க வேண்டும், பெற்றோரிடமும் இருக்க வேண்டும்.

மறைந்த விலை: பயிற்சிக் காலத்தில் கிடைப்பது சிறு தொகைதான். முதல் மாதம் அப்பாவோ அம்மாவோ பயணத்துக்காக விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். ஆண்டு முடிகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள் பலர். பத்தாவது மாதமே, இதற்குப் பிறகு ஆதரவு எந்த அமைப்பிலிருந்து, எவர் பெயரில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தூண்டல் தாளில் பாதிக்கு மேல் 'தா' இருந்து, முழுவதும் இல்லாத பிள்ளைகள்தான் பள்ளிகளில் அதிகம். அவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

## பாதை 3: நேரடியாகத் திறந்த வேலைச் சந்தைக்கு

எஸ்ஜி எனேபிளின் ஓப்பன் டோர் திட்டம் வழியாக வேலை பொருத்தலும் ஆதரவும் கிடைக்கும். முதலாளிக்குப் பயிற்சிக்கும் வேலை மறுவடிவமைப்புக்கும் மானியம் உண்டு. அலுவலகம் ரெட்ஹில் பக்கம் லெங்கோக் பாருவில் உள்ள எனேபிளிங் வில்லேஜில். 2030க்குள் வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்பது எனேபிளிங் மாஸ்டர்பிளான் 2030ன் இலக்கு. ஆகவே கதவுகள் முன்பைவிடத் திறந்துதான் இருக்கின்றன.

முதலாளியின் கணக்கைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உங்கள் பிள்ளையின் சம்பளம் அந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. மாதம் 4,000 வெள்ளிக்குக் கீழ் சம்பளம் வாங்கும் உடற்குறையுள்ள ஊழியருக்கு எனேபிளிங் எம்ப்ளாய்மென்ட் கிரெடிட் மூலம் சம்பளத்தில் 20 விழுக்காடு வரை, மாதம் 400 வெள்ளி உச்சவரம்பில், அரசு ஈடுசெய்கிறது. ஆறு மாதமாவது வேலையில்லாமல் இருந்தவரைச் சேர்த்தால், முதல் 9 மாதத்துக்கு இன்னொரு 20 விழுக்காடு, அதற்கும் 400 வெள்ளி உச்சவரம்பு. ஒன்பதாவது மாதத்தை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அந்தக் கூடுதல் தொகை நிற்கும்போதும் பிள்ளையை வைத்துக்கொள்ளக் காரணம் இருக்க வேண்டும். எட்டாவது மாதத்தில் வேலை மதிப்பீட்டுக் கூட்டம் கேட்பது அதற்காகத்தான்.

சம்பளம் ஏன் பல இடங்களில் 800 அல்லது 1,600 வெள்ளியில் வந்து நிற்கிறது? உள்ளூர்த் தகுதிச் சம்பளம் 2024 ஜூலையில் 1,600 ஆக உயர்ந்தது. ஒரு நிறுவனம் எத்தனை வெளிநாட்டு ஊழியரை வைத்துக்கொள்ளலாம் என்ற ஒதுக்கீடு, அதன் உள்ளூர் ஊழியர் எண்ணிக்கையைப் பொறுத்தது; அவ்வளவு கொடுத்தால் அதில் ஒரு முழு உள்ளூர் ஊழியராகக் கணக்கு. பாதி கொடுத்தால் அரை ஊழியர். இது தப்பில்லை, சட்டப்படியான கணக்கு. ஆனால் வேலைநேரம் அந்தச் சம்பளத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கைக்கு வருவது இப்படி இருக்கும். 1,600 வெள்ளிச் சம்பளத்தில் ஊழியரின் சேமநிதிப் பங்கு 20 விழுக்காடு, 320, கையில் 1,280. முதலாளி மேலும் 272 செலுத்துவார். 500 வெள்ளிச் சம்பளத்துக்கு ஊழியர் பங்கு இல்லை. முதலாளியின் 17 விழுக்காடு, அதாவது 85, மட்டும். 500க்கும் 750க்கும் இடையில் ஊழியர் பங்கு படிப்படியாக ஏறும். 600 வெள்ளிக்கு 60. இதற்கு மேல், குறைந்த சம்பளம் வாங்குவோருக்கு அரசு தரும் வேலைநலன் துணை வருமானம், நாம் வாய்வழக்கில் சொல்லும் 'வொர்க்ஃபேர்'. உடற்குறையுள்ளோருக்கு வயது வரம்பு இல்லை, மூத்த ஊழியருக்கு உள்ள ஆக உயர்ந்த நிலையிலேயே கணக்கிடுவார்கள். 2025 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 4,900 வெள்ளி, வருமானத்தைப் பொறுத்து. இதில் 40 விழுக்காடு ரொக்கம், மீதி சேமநிதி. முதலாளி ரொக்கமாகக் கையில் கொடுத்துச் சேமநிதி செலுத்தாவிட்டால் இவை எல்லாமே போச்சு. "கையில் கொஞ்சம் கூடக் கிடைக்குமே" என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நேர்காணலில் குறைபாட்டைச் சொல்லலாமா? சொல்லுங்கள், ஆனால் மருத்துவப் பெயராக அல்ல. "ஒரே நேரத்தில் ஒரு கட்டளை சொன்னால் சரியாகச் செய்வார், படத்தோடு இருந்தால் இன்னும் நல்லது, அவசரப்படுத்தினால் நின்றுவிடுவார்" என்று வேலையின் மொழியில் சொல்லுங்கள். உடற்குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் 25க்கும் குறைவான ஊழியர் உள்ள சிறு நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. நம் கடைகள் பலவும் அந்த அளவுதான்.

மறைந்த விலைகளில் ஆகக் கொடியது பணம் சம்பந்தப்பட்டதே. முதல் சம்பளம் வந்ததும் 'நண்பர்கள்' வருவார்கள். கடன் கேட்பார்கள், வங்கி அட்டையைக் கேட்பார்கள், அரசின் மின்னியல் அடையாளக் கணக்கான சிங்பாஸைக் கேட்பார்கள். பிறர் மோசடிக்குப் பயன்படுத்தத் தன் சிங்பாஸைக் கொடுப்பது குற்றம். புரியாமல் கொடுத்தாலும் காவல் நிலையம் வரை போக வேண்டி வரும். வேலைக்கு முந்திய மாதமே செலவுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு ஒரு கணக்கு என்று பிரித்து, செலவுக் கணக்கில் வாரம் 50 வெள்ளிக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்ற ஒரே வாக்கியத்தை நடித்து நடித்துப் பழக்குங்கள். நாள் 5 தடவை, மூன்று வாரம்.

தூண்டல் தாளில் 80 விழுக்காட்டுக்கு மேல் 'தா', தனியாகப் பயணம், 6 மணி நேரம் நிற்கும் பலம்: மூன்றும் இருந்தால் இந்தப் பாதைக்குத் தயங்காதீர்கள். ஒன்று குறைந்தாலும் பாதை 2ன் வழியாக இங்கே வந்து சேருவதே மேல். இடையில் இன்னொரு வாசலும் இருக்கிறது: டிக்னிட்டி கிச்சன் போன்ற சமூக நிறுவனங்கள். அங்கே சக ஊழியரிலும் பலர் உடற்குறையுள்ளோர். பொறுமை அதிகம், இடங்கள் குறைவு.

## பாதை 4: பாதுகாக்கப்பட்ட பணிமனை

1962ல் தொடங்கிய மைண்ட்ஸ், 1986ல் தொடங்கிய பிஸ்லிங்க் போன்ற அமைப்புகள் இவற்றை நடத்துகின்றன. பொட்டலமிடுதல், ஒட்டுத்தாள் ஒட்டுதல், ஹெட்செட்டைத் துடைத்துப் பையிலிடுதல், ரொட்டி, கேக் சுடுதல், சலவை போன்ற வேலைகள். கிடைப்பது சம்பளமாக அல்ல, ஊக்கப்படியாக. அது சின்னத் தொகை. நிலையக் கட்டணத்துக்கு வருமானத்தைப் பொறுத்த மானியம் உண்டு. போக்குவரத்து வண்டி தேவைப்பட்டால், வருவதைவிடப் போவது அதிகமாகிவிடும். இதை முன்கூட்டியே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் இங்கே ஏழாவது மாதக் கேள்விக்குப் பதில் தெளிவு: பயிற்சி பெற்ற ஊழியர் அங்கேயே இருப்பார். பாதிக்கு மேல் தூண்டல் தேவைப்படும் பிள்ளைக்கு, வலிப்பு போன்ற மருத்துவச் சிக்கல் உள்ள பிள்ளைக்கு, இரு பெற்றோரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு, இது தோல்வி அல்ல, பொருத்தம். கல்யாண வீட்டில் சொல்லக் கூச்சப்படுவது பெற்றோரின் பிரச்சினை; பிள்ளைக்கு அது நண்பர்கள் உள்ள இடம்.

ஒரே எச்சரிக்கை. யாரும் கேட்காவிட்டால் பிள்ளை அங்கேயே 20 ஆண்டு இருந்துவிடும். 12 மாதத்துக்கு ஒருமுறை திறந்த வேலைக்கு மறுமதிப்பீடு செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

## பாதை 5: சொந்தக்காரர் கடை

மளிகைக்கடை, பூக்கடை, சாப்பாட்டுக்கடை. சிராங்கூன் சாலையைச் சுற்றி வளர்ந்த குடும்பங்களில் இந்த யோசனை வராத வீடு இல்லை. அதில் நியாயமும் உண்டு. மொழி தமிழ். பிள்ளையின் குணம் தெரிந்தவர்கள். காலை 10 மணிக்கு வந்தாலும் கோபிக்க மாட்டார்கள். வெங்காயம் உரிப்பது, கறிவேப்பிலை கட்டுவது, பூ தொடுப்பது எல்லாம் திரும்பத் திரும்பச் செய்யும், கைக்குப் பழகும் வேலைகள். தொடங்கும் இடமும் முடியும் இடமும் கண்ணுக்குத் தெரியும்.

சிக்கல் அன்பில் இருக்கிறது. மாமா பாதியைச் செய்து கொடுத்துவிடுவார். மாமி, "பாவம், உட்காரட்டும்" என்பார். மறுபக்கம், கூட்டம் கூடிய தீபாவளிக் காலத்தில் இரவு 11 வரை நிற்க வைப்பார்கள், அதற்குக் கணக்கே இருக்காது. பள்ளியில் ஆங்கிலத்தில் பழகிய கட்டளைகள் இங்கே தமிழில் வருவதால் முதல் வாரம் குழம்பும். பள்ளி ஆசிரியர் பயன்படுத்தும் அதே 10, 12 சொற்களை எழுதி வாங்கி, எந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்று கடையில் எல்லோரும் ஒன்றாக முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் 'அடுக்கு' என்றும் இன்னொருவர் 'வை' என்றும் மூன்றாமவர் 'போடு' என்றும் சொன்னால் அது பிள்ளைக்கு மூன்று வேலை.

பெரிய அபாயம் இன்னொன்று. மாமாவுக்கு 65 ஆகும், வாடகை ஏறும், கடை மூடும். அன்று பிள்ளைக்கு 30 வயது. கையில் சம்பளச் சீட்டு இல்லை, சேமநிதிப் பதிவு இல்லை, வேலை அனுபவக் கடிதம் இல்லை. ஆகவே சொந்தக் கடை என்றாலும் எழுத்தில் வேலைப் பட்டியல், வேலைநேரம், மாதச் சம்பளச் சீட்டு, மத்திய சேமநிதி நான்கும் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வெளி இடத்தில் வேலை இருந்தால் இன்னும் நல்லது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வருமானம் | ஏழாவது மாதம் பக்கத்தில் யார் | தோற்றால் |
|---|---|---|---|
| சான்றிதழ் | இல்லை | பள்ளி ஆசிரியர் | பாதை 2 அல்லது 3 |
| வேலையிடப் பயிற்சி | சிறு தொகை, பிறகு சம்பளம் | பயிற்றுநர், வாரம் ஒரு தடவை | ஆண்டுக்குள் என்றால் வேறு இடம் |
| திறந்த வேலை | முழுச் சம்பளம், சேமநிதி, வொர்க்ஃபேர் | பெரும்பாலும் சக ஊழியர் மட்டும் | மீண்டும் வேலை பொருத்தல், காத்திருப்பு |
| பணிமனை | ஊக்கப்படி | நிலைய ஊழியர் | தோற்பது அரிது |
| சொந்தக் கடை | குடும்பத்தின் மனம் | குடும்பம் | எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் பூஜ்யம் |

## தேதிகள் தவறினால்

எந்தப் பாதையானாலும் சில காரியங்கள் வயதோடு வருகின்றன. ஆண் பிள்ளைகளுக்கு 16½ வயதையொட்டித் தேசிய சேவைப் பதிவுக் கடிதம் வரும். "இவனுக்குத்தான் தெரியுமே" என்று ஒதுக்கி வைக்காமல், பள்ளி அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். விலக்கு பற்றிய கடிதத்தைப் பின்னால் முதலாளி கேட்கக்கூடும். மாணவர் அட்டை காலாவதியாகும் முன் உடற்குறையுள்ளோர் பயணச் சலுகை அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

21 வயதில் சட்டப்படி பெற்றோரின் அதிகாரம் முடிகிறது. மனத்திறன் சட்டத்தின்கீழ் ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்பதை விஷயம் விஷயமாகப் பார்ப்பார்கள். சம்பளத்தைச் செலவு செய்யும் திறன் இருக்கலாம், வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடும் திறன் இல்லாமல் இருக்கலாம். பெரிய பணம், மருத்துவ முடிவுகளுக்கு அவர் சார்பில் முடிவெடுக்க நீதிமன்றம் வழியாகப் பிரதிநிதி நியமனம் தேவை என்று தோன்றினால், 20 வயதிலேயே பள்ளிச் சமூக ஊழியரிடம் பேசுங்கள். சிறப்புப் பள்ளிப் பெற்றோருக்கு அதற்கு எளிமையாக்கப்பட்ட உதவித் திட்டம் உண்டு. பள்ளியை விட்டபின் தனியாகச் செய்தால் வழக்கறிஞர் கட்டணம் கூடிவிடும்.

அடுத்த நிலைமாற்றக் கூட்டத்துக்குப் போகும்போது கையில் நான்கு தாள் இருக்கட்டும்: ஆறு தூண்டல் தாள்களின் சுருக்கம், மூன்றாவது மணி நேரத்தில் பிள்ளையின் வேகம், பழகிய பயண வழிகள், பிள்ளைக்குப் பிடிக்காத மூன்று விஷயங்கள். கடைசித் தாளைப் பிள்ளையிடமே கேட்டு எழுதுங்கள். 'சூடான இடம்', 'ரொம்பச் சத்தம்', 'திட்டுறவங்க' என்று சுருக்கமாகப் பதில் வரும். அதை அப்படியே, அதே சொற்களில், ஆசிரியர் முன்னால் வைத்துவிடுங்கள்.